மேல்வீட்டில் ஒன்றுமில்லை

கண்களை மூடச் சொன்னார்கள். மூடினாள்.

காலடியில் இருந்த பலகை மெல்ல அசைந்தது. முன்னால் சாய்ந்தது. பின்னால் போனது. தோளிலும் இடுப்பிலும் பட்டைகள் கட்டி மேலே கம்பியில் மாட்டியிருந்தார்கள். விழுந்தால் தாங்கிக்கொள்ளும்.

விழக் கூடாது.

காலுறைக்குள் விரல்களை மடக்கிப் பலகையைப் பற்றினாள். வலப்பக்கம் ஏசியின் உறுமல். அதைப் பிடித்துக்கொண்டாள். அது வலம் என்றால் இது இடம். இது நேர்.

"சூப்பர். அசையவே இல்ல" என்றார் டாக்டர் ஃபரிதா.

சென்னையில் ஓர் ஆய்வு மருத்துவமனை. வெளிநாட்டில் தூதரகப் பணியில் இருந்த சிலருக்கு இன்னதென்று தெரியாத நோய் வந்திருந்தது. தலையில் அழுத்தம், கிறுகிறுப்பு, மறதி. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. ஆய்வுக்கு நோயாளிகள் மட்டும் போதாது. அவர்களோடு ஒப்பிட, அதே இடத்தில் இருந்தும் நோய் வராதவர்கள் வேண்டும்.

தமயந்தி அப்படித்தான் வந்திருந்தாள். நோய் வராதவளாக.

நோயாளி வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். தேவசகாயம். விசா பிரிவு. நாகர்கோவில்காரர். அந்தக் குளிர் நகரத்துத் தூதரகக் குடியிருப்பில் அவருடைய வீடு கீழே. இரண்டாம் செயலரான அவளுடைய வீடு நேர் மேலே. ஒரு காலையில் ஷேவ் செய்துகொண்டிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் கைப்பிடி இல்லாமல் படி இறங்க முடியவில்லை. சில நேரம் மகளின் பெயர் நாக்கில் வருவதில்லை.

அலுவலகத்தில் யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சிரித்தார்கள்.

ஊருக்கு மாற்றல் வாங்க நல்ல வழி என்றார்கள். அதே சுவர், அதே தண்ணீர், அதே காற்று. மேல்வீட்டு மேடத்துக்கு ஒன்றும் இல்லையே, இவருக்கு மட்டும் எப்படி?

மேல்வீட்டு மேடம் வாய் திறக்கவில்லை.

அவளுக்கும் வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், புடவைக்கு இஸ்திரி போடும்போது. ஓடும் ரயிலின் கதவோரம் நிற்பதுபோல இடது காதில் காற்று அடைத்தது. ஜன்னல்கள் மூடியிருந்தன. நகர்ந்தால் நின்றது. அதே இடத்துக்கு வந்தால் மறுபடியும்.

கருகல் வாசனை வந்த பிறகுதான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். அன்றிலிருந்து கண்ணை மூடினால் தரை சரிந்தது.

ஜெனீவா பணிக்கு அவள் பெயர் போயிருந்தது. வருடக்கணக்காகக் காத்திருந்த இடம். உடல் தகுதிச் சான்று ஒன்றுதான் பாக்கி.

"இதான் கடைசி" என்று ஃபரிதா அவள் காதுகளில் ஹெட்போனை மாட்டினார். அதில் ஒரே சீரான இரைச்சல். ஏசி மறைந்துபோனது.

வலம் எது?

பலகை சாய்ந்தது.

விரல்களை மடக்கினாள். கீழே எதுவும் அகப்படவில்லை. தலைக்குள் என்னவோ கவிழ்ந்தது. பட்டைகள் வெடுக்கென்று இறுக, அந்தரத்தில் தொங்கினாள்.

ஃபரிதா ஓடிவந்து நிமிர்த்தி, ஹெட்போனைக் கழற்றினார்.

"பட்டை லூசா இருந்திருக்கும். பயந்துட்டீங்களா? நல்லா இருக்கறவங்களும் இதுல தடுமாறுவாங்க. இன்னொரு தடவ பாத்துடலாம்."

இன்னொரு தடவை.

இந்த முறை முழங்காலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். இமையை ஓர் இழை திறக்கலாம். அவளால் முடியும். விருந்துகளில் கையில் கோப்பையோடு அப்படித்தான் நின்றாள். அப்படித்தான் சிரித்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தேவசகாயம் தண்ணீர் பிடிக்க எழுந்திருந்தார். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். எதிரே ஒரு நர்ஸ் வந்தாள். சட்டென்று கையை எடுத்துவிட்டு நேராக நின்றார். அவள் போகும்வரை நின்றார். பிறகு மறுபடி சுவரைத் தேடினார்.

"டாக்டர்."

"சொல்லுங்க."

"பட்டை சரியாத்தான் இருந்துச்சு."

ஃபரிதா பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஞாயிறு, இஸ்திரி, காது. ஜெனீவாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"ஒப்பிடற குழுவுல இனிமே உங்கள வெச்சுக்க முடியாது" என்றார் ஃபரிதா. பட்டைகளைக் கழற்றியபடி, "இது என்னன்னு எங்களுக்கே இன்னும் தெரியாதுங்க. சரியாயிடும்னு வாக்குக் குடுக்க முடியாது. தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

"ஆமா."

வெளியே வந்து தேவசகாயத்தின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுதா மேடம்? உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருப்பாங்க."

"எனக்கும் அதேதான் சார். இடது காது."

அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். பளிச்சென்று, சின்னப் பிள்ளையைப்போல. உடனே வெட்கப்பட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"எப்பலேருந்து?"

சொன்னாள்.

கை மெல்ல இறங்கியது. எல்லோரும் சிரித்த மாதங்கள் அவை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர்க் குவளையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச்சுவரையே பார்த்தார்.

அவள் எழுந்தாள்.

தாழ்வாரம் சரிந்தது.

குவளை உருண்டது. அவள் முழங்கையை ஒரு கை பற்றியது.

"பைய... பைய மேடம். தலைய ஆட்டாதீங்க. அன்னா, அந்த சுவிட்சப் பாருங்க. அதையே பாருங்க. இப்ப நின்னுரும்."

பார்த்தாள்.

அவளைப் பிடித்திருந்த கையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.