கல்யாணத்துக்கு வந்த கறுப்புத் துணி

புருஷன் ருவாதாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள் வான்புயீ.

மலைச்சரிவில் மரம் வெட்டப் போன ருவாதாவை, நேற்று அந்த மரத்துக்கு அடியிலிருந்துதான் எடுத்து வந்தார்கள்.

"சட்டை போட்டது போதும். துணியை எடு" என்றாள் தாரி அத்தை. ருவாதாவின் அப்பாவோடு கூடப் பிறந்தவள்.

வான்புயீ சட்டைக் காலரை இழுத்து நேராக்கினாள்.

"எந்தத் துணின்னு முழிக்கிறியா? புவான்தும்! உங்கம்மா நெய்து குடுத்தனுப்புன கறுப்புத் துணி. புருஷன் போனா போத்தத்தானே கல்யாணத்தன்னிக்கே பொண்ணு அதைக் கொண்டு வர்றா?"

"இல்லத்தே."

"இல்லேன்னா?"

"இல்ல."

உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அத்தை டிரங்குப் பெட்டியை இழுத்துக் கவிழ்த்தாள். குழந்தைச் சட்டைகளும் ஜெபப் பாட்டுப் புத்தகமும்தான் விழுந்தன.

"வித்துட்டியா? ஆளு உசிரோட இருக்கும்போதே அவன் கடைசிப் போர்வையை வித்த மகராசி நீ ஒருத்திதான்டி! என் மருமகளைப் பாரு. என் மாவியா போன அன்னிக்கு ஒரு மடிப்புக் கலையாம கொண்டாந்து போத்துனா. எம்புள்ள ராஜா மாதிரி போனான். அது ஒண்ணை நெனைச்சுத்தான் நான் இன்னும் சோறு திங்கறேன்."

தன் தோளில் கிடந்த துணியை உருவி ருவாதாவின் மேல் போட்டாள் அத்தை. அது முழங்காலுக்குக் கீழே எட்டவில்லை.

அடுக்களையில் குழந்தை அழுதது. வான்புயீ எழுந்து போனாள்.

அங்கே டீ போட்டுக்கொண்டிருந்த ஸுவானி, அத்தையின் மருமகள், கரண்டியை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியல. போய்ச் சொல்லிடறேன்."

"என்னத்தை?"

"என் துணியை மாவியா போதை ஊசிக்கு வித்துட்டான், அன்னிக்கு அவனுக்குப் போத்துனது உன்னோடதுன்னு."

"கத்தாதே." வான்புயீ குழந்தையை மாரோடு அணைத்தாள். "பெத்தவளுக்கு அந்த ஒரு ஆறுதலாவது மிஞ்சட்டும், அவ காதுக்கு இது போகவே கூடாதுன்னு சொல்லி, உங்கிட்ட எடுத்துக் குடுத்ததே எம் புருஷன்தான். இப்ப நான் அதை மீறுவேனா? 'நீ வேற நெய்துக்கோ, நான் என்ன இப்பவா சாகப் போறேன்'னு சிரிச்சாரு. நானும், மழை விடட்டும், தறியில நூலை ஏத்திடலாம்னு..."

"வான்புயீ! சவப்பெட்டியை மூடணும். வந்து முகம் பாத்துக்கோம்மா" என்று கூடத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.