முத்துப் படகின் கயிறு

முத்துக் குளிக்கும் படகு ஒன்றில் ஒரு கயிறு இருந்தது. ஆட்கள் வேலை செய்யப் படகில் பாட்டுப் பாடும் பாட்டுக்காரர் மர்சூக்கைக் கண்டாலே அதற்கு ஆகாது.

"கீழே கல்பான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சிப்பி பொறுக்குறான். அவன் என்னைச் சுண்டினதும் மேலே இழுக்கணும். இந்த ஆள் போடுற சத்தத்துல எனக்கு எப்படித் தெரியும்?" என்று கல்லிடம் பொருமும். முத்துக் குளிக்கும் கல்பானைத் தன் பாரத்தால் கடலடியில் இறக்கிவிட்டுப் படகுக்குத் திரும்பிவிடும் கல், அடுத்த முறைவரை பலகையில் கிடந்து வெயில் காயும்.

ஒருநாள் மர்சூக் காய்ச்சலோடு பாய்மரத்துக்கு அடியில் சுருண்டுகொண்டார். படகு அமைதியானது. கயிற்றுக்குச் சந்தோஷம், கொஞ்ச நேரம்தான்.

ஓர் அலை தொட்டது. "சுண்டிட்டான்!" என்று கயிறு துள்ள, ஆட்கள் இழுத்தார்கள். கல்பான் வெறுங்கையோடு வந்தான். பிறகு ஒரு மீன் உரசியது. மறுபடியும் துள்ளல், மறுபடியும் வெறுங்கை.

"இன்னொரு தடவை சும்மா இழுத்தா உன்னை அறுத்துப் போட்டுடுவேன்," என்று சொல்லிவிட்டுக் கல்பான் மூழ்கினான்.

கயிறு விறைத்துக்கொண்டு காத்திருந்தது. ஏதோ அசைந்தது. அலையா? அவனா?

"நீயாவது சொல்லேன்!" என்று கல்லைக் கெஞ்சியது.

"நான்தான் அவனை விட்டுட்டு வந்துட்டேனே," என்றது கல்.

கல்பான் மூழ்கியதிலிருந்து மனசுக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்த மர்சூக், பாட்டின் கடைசி வரியைக் கரகரத்த குரலில் கத்தினார். தினமும் பாட்டு அந்த வரிக்கு வரும்போதுதான் கல்பானின் மூச்சு தீரும், அவன் சுண்டுவான். ஆட்களின் கைகள் தாமாக இழுத்தன. நீலம் பாரித்த முகத்தோடு கல்பான் மேலே வந்து மூச்சு வாங்கினான்.

மறுநாள் மர்சூக் எழுந்து பாடத் தொடங்கினார்.

"என்ன, இன்னைக்கும் சத்தம் அதிகமா?" என்று கேட்டது கல்.

"கொஞ்சம் வாயை மூடு," என்றது கயிறு. "பாட்டு கேட்க மாட்டேங்குது."