கசார்வாடி சிக்னல்

"அந்தப் பொட்டியைக் கட்டிக்கிட்டே குடும்பம் நடத்துங்க!"

சந்திரிகாவின் குரல் காதில் விழாத மாதிரி, ரவிசந்திரன் ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குக் கிளம்பிவிட்டார். ஆன்டெனாவைத் திருப்பிக் கட்ட வேண்டுமாம்.

ஊரைவிட்டு இந்த ஆகுர்டிக்குக் குடிவந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவருமாக எங்காவது போவார்கள். இப்போது மூன்று மாதமாக எல்லாம் அந்த மேஜைதான். உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், அதன் தலையில் ஒரு ரேடியோ கார்டு, பக்கத்தில் சின்னத் திரை.

"சிம் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம் சந்திரிகா. நம்ம மெசேஜை சிஞ்ச்வட்ல ஒரு வீட்டுப் பொட்டி வாங்கி பிம்ப்ரியில இன்னொண்ணுக்குத் தள்ளிவிடும். அது அடுத்ததுக்கு. அப்படியே வலை மாதிரி!"

"வாட்ஸ்அப்ல ஒரு நொடியில போறதை வீடு வீடா ஏறி இறங்கி அனுப்பணுமாக்கும்?"

"உனக்குப் புரியாது."

புரியத்தான் இல்லை. முணுமுணுத்தபடியே மேஜையைத் துடைத்தாள். திரை 'டிங்' என்றது. பிம்ப்ரியைத் தாண்டியிருக்கும் ஊர்ப் பேரில் ஒரு செய்தி.

கசார்வாடி: இன்னிக்கும் வாந்தி.

துடைத்த கை நின்றது. திரையை மேலே தள்ளிப் பழைய செய்திகளைப் பார்த்தாள்.

ரவி: மாத்திரை போட்டியா?

கசார்வாடி: போட்டேன். புளிப்பா ஏதாவது திங்கணும்போல இருக்கு.

ரவி: ஷிப்ட் முடிஞ்சதும் மாங்காய்க்கு ஏற்பாடு பண்றேன். வெயிட் தூக்காதே.

சந்திரிகா துடைத்த துணியை வீசினாள். போன வாரம் இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, "க்ரோசின் டப்பாவுல இருக்கு பார்" என்றவர், கசார்வாடிக்கு மாங்காய் சப்ளை பண்ணுகிறாரா?

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டைப் செய்தாள்.

'யார் நீ?'

பதில் வரவில்லை. சிஞ்ச்வட்டில் எந்தப் பொட்டி தூங்குகிறதோ! உள்ளே சோறு குழைந்துகொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

டிங்.

கசார்வாடி: என்ன அத்தான் விளையாட்டு? பானுதான். அக்கா பக்கத்துல இருக்காளா?

பானு!

இவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஷிபினைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட தங்கை. பக்கத்திலேயே இருந்தும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

ரவிசந்திரன் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். மனைவியையும் திரையையும் பார்த்தார். தோளிலிருந்த ஒயர் நழுவியது.

"பானுவுக்கு ஒரு போன்கூடப் பண்ணமாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினீங்களே!"

"பண்ணலையே..."

"அப்ப இது என்ன?"

"இது ரேடியோ, சந்திரிகா. போன் இல்ல." குரல் இறங்கிப்போனது. "அந்த வீட்டு வாசப்படியைக்கூட மிதிக்கல. அவங்க வீட்டுப் பொட்டியை ஷிபின் என் கம்பெனி கேட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போனான். மாங்காயும் அப்படித்தான்."

அவள் 'இன்னிக்கும் வாந்தி' என்ற வரியை மறுபடி படித்தாள்.

"அவளுக்கும் இங்க யாரும்மா இருக்கா? முதல் பிரசவம்... பயப்படறா. உன் சத்தியத்தையும் மீறக்கூடாது, என்ன பண்ணச் சொல்றே?"

சந்திரிகா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒரு தடவைக்கு எவ்வளவு எழுதலாம்?"

"தமிழ்ல ரெண்டு வரி. மூணாவது போகாது."

"ரெண்டு வருஷத்துத் திட்டு வெச்சிருக்கேன், ரெண்டு வரி எந்த மூலைக்கு?" எழுந்து அடுப்பை அணைத்தாள். "காரை எடுங்க!"