வாசலில் சிக்கிய மருத்துவச்சி

கணினி விளையாட்டுலகின் சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது: பழைய சாகச விளையாட்டுகளின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கும் புது விளையாட்டு சவத்துக்குப் பூசிய பவுடர், மானமுள்ள எவரும் தொடமாட்டார்கள். போன வாரம் இணையத்தில் இப்படி முழங்கிய லெஷெக், போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரத்து ஞாயிறு வெயிலை மறைக்க ஜன்னலில் போர்வையை மாட்டிவிட்டு, அதையேதான் ஆடிக்கொண்டிருக்கிறார். போர்வை ஓட்டை வழியே ஒரு வெளிச்சக்கோடு அவருடைய வழுக்கையில் விழுகிறது. தம்ளரில் தேநீர் ஆறி, எலுமிச்சைத் துண்டு அடியில் கிடக்கிறது. திரையில் அவருடைய படை குகைக்குள் போகிறது. கல்தரையில் இளவயதில் கேட்ட அதே காலடிச் சத்தம். படையில் காயம் ஆற்றும் மருத்துவச்சி மட்டும் வழக்கம்போல வாசலில் சிக்கி, சுவரில் முட்டியபடி நடந்துகொண்டே இருக்கிறாள். இந்தக் கோளாறைத்தான் அவர் ஊர் சிரிக்கக் கிழித்திருந்தார். இப்போது மொத்தப் படையையும் திருப்பிக் கூட்டிப்போய், “வாடி கண்ணு, இப்படி வளைஞ்சு வா” என்று கெஞ்சுகிறார். பின்னால் கேக் தட்டோடு மனைவி ஹலினா. “யாரைக் கொஞ்சுற?” “குறை கண்டுபிடிக்கிறேன்.” “மூக்கை உறிஞ்சிக்கிட்டா?” போன் அடிக்கிறது. விளையாட்டுச் சங்கத்து பொக்தான். “புறக்கணிப்புத் தலைவரே! நீ என்ன ஆடுறேன்னு இணையத்துல உன் பேருக்குப் பக்கத்துல பச்சை எழுத்துல காட்டுது. மறைக்க மறந்துட்டியேப்பா. சங்கமே பாத்துக்கிட்டிருக்கு.” லெஷெக்கின் காதுமடல் கொதிக்கிறது. கை கணினியை அணைக்க நீள்கிறது. அணைத்தால் மருத்துவச்சி வாசலிலேயே நின்றுவிடுவாள்.

லெஷெக் போனை அணைக்கிறார். பச்சை எழுத்து அப்படியே இருக்கிறது.