முணுமுணுச்சிட்டு

"இப்படி ஒரு சிட்டு உலகத்துலயே கிடையாதுன்னு கோர்ட்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், கேஸ் நம்ம பக்கம்" என்றார் வக்கீலம்மா.

பறவைக்காரர் தலையாட்டினார். வாய்தாவுக்கு வாய்தா ஆட்டி ஆட்டி, அந்தத் தலைக்கு இப்போது வேறு வேலை மறந்துவிட்டது.

வெயிலில் அலைந்து கறுத்து, அவர் எழுதியது ஒரே ஒரு பறவைப் புத்தகம். கேட்காமல் கொள்ளாமல் அதைத் தன் செயற்கை நுண்ணறிவுக்குத் தீனியாகப் போட்டுவிட்டது ஒரு கம்பெனி. கேட்டால், 'புத்தகத்தை நாங்கள் தொடவே இல்லை, பறவைகள் எல்லோருக்கும் பொது' என்று பதில் மனு.

பறவைகள் பொதுதான். முணுமுணுச்சிட்டு பொது இல்லை. காப்பியடிப்பவனைக் கையும் களவுமாகப் பிடிக்க, நிஜப் பறவைகளுக்கு நடுவே அவர் சொருகிவைத்த பொய்ப் பறவை அது.

வக்கீலம்மா கம்ப்யூட்டரில் அந்தச் சிட்டைப் பற்றிக் கேட்டார். இயந்திரம் மடமடவென்று ஒப்பித்தது.

காலையில் யாரோடும் ஒட்டாது. வெயில் ஏறிய பிறகே வாய் திறக்கும். யாராவது கவனித்தால் பாட்டைச் சட்டென்று நிறுத்திவிடும். துணை கத்துவதையெல்லாம் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டு, கடைசியில் தன் இஷ்டப்படியே கூடு கட்டும்.

வார்த்தைக்கு வார்த்தை அவருடையது.

"மாட்டிக்கிச்சு!" வக்கீலம்மா மேஜையைத் தட்டினார்.

புத்தகம் வந்த அன்று இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, பறவைக்காரரின் மனைவி தலையைச் சாய்த்து ஒரு முறை முறைத்தாள். அன்று முழுக்கப் பேச்சில்லை. என்ன செய்வது, பொய் சொல்ல வராத மனுஷர். எதிரில் இருந்ததைப் பார்த்து எழுதிவிட்டார்.

அவள் போன பிறகு, வெயில் ஏறினாலும் வீடு வாய் திறப்பதில்லை.

'அப்படி ஒரு பறவை என்றுமே இருந்ததில்லை.' பிரமாணப் பத்திரத்தில் அந்த வரிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார் வக்கீலம்மா.

பறவைக்காரர் பேனாவைத் திறந்தார். திரையில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. அது அவர் எழுதியதில்லை. இயந்திரம் தானாக அளந்துவிட்டது.

'இன்றும் ஆற்றோரங்களில் இதைக் காணலாம்.'

பேனாவை மூடினார்.

"எந்த ஆறுன்னு கொஞ்சம் கேளுங்களேன்மா."