புயலோடு ஒரு நடை

"மறுபடியும் நின்னுட்டியா? உன்னைக் கூட்டிட்டு வந்தா நான் இளைச்ச மாதிரிதான்."

பூங்காவின் இரண்டாவது வளைவில் மனைவி செருப்பைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தாள். "கல்லு மாட்டிக்கிச்சுங்க. ஒரு நிமிஷம்."

அவர் இடுப்பில் கை வைத்து நின்றார். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் 'புயல்' என்று பெயர். நானூறு மீட்டர் பந்தயத்தில் மற்றவர்கள் அவர் முதுகைத்தான் பார்த்திருக்கிறார்கள். ரயில் நிலைய டிக்கெட் கவுன்ட்டரில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்ததில், புயல் கரையைக் கடந்து தொப்பையாக ஒதுங்கிவிட்டது.

பத்து கிலோ குறையாவிட்டால் தினமும் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு ஜிம்மில் சேர்ந்து பார்த்தார். இரண்டிலும் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, "அங்கிள், தண்ணி வேணுமா?" என்று எவனோ கேட்டான். மறுநாளிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. இந்த நடையையும் விட்டால் ஊசிதான்.

"நாள் பூரா ஆஸ்பத்திரி வார்டுல நடக்கிற நர்ஸு நீ. நாலு சுத்துக்குக் கால் வலிக்குதா?"

"அங்க நடக்கிறதாலதான் இங்க முடியல. ஆமா, கடைசிப் பந்தயத்துல யாரோ உங்களை முந்தப் பார்த்தான்னு சொன்னீங்களே, யாரு அது?"

"என்னையா? முந்தவா?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சுண்ணாம்புக் கோடு, வெறுங்கால், முதல் நாள் மழையில் ஊறிய மைதானம், மதில்மேல் விசிலடித்த கூட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தது.

"அந்தக் கூட்டத்துல ரெட்டைச் சடையோட நீயும் இருந்தே. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சு உனக்கு."

"மூணு நாள் பேச்சே வரல."

"அதுக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் வட்டியோட பேசுற."

இருவரும் சிரித்தார்கள். அடுத்த சுற்றில், குழாயடியில் அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அங்கே நின்று, தொடர் ஓட்டத்தில் கோப்பை வாங்கிய கதையைச் சொன்னார் அவர்.

எதிர்வீட்டுக்காரர் எதிரே வந்தார். "நடை எப்படி சார் போகுது?"

"நான் ரெடி சார். வீட்டம்மாவைத்தான் தள்ளிக்கிட்டுப் போக வேண்டியிருக்கு. சுத்துக்கு மூணு தடவை நின்னாத்தான் வண்டி நகருது."

அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

மூன்று மாதத்தில் ஆறு கிலோ போயிருந்தது. "தனியா வந்திருந்தா பத்தும் போயிருக்கும்" என்று அதற்கும் அவளைத்தான் குறை சொன்னார்.

அன்றும் திரும்பும்போது தெருமுனையில், "பால் வாங்கிட்டு வரேன். நீங்க போய்க் குளிங்க" என்று அவள் பிரிந்து போனாள். வீட்டுக்கு வந்து பேப்பரை விரித்தபோதுதான் படிக்கிற கண்ணாடியைக் காணோம் என்று தெரிந்தது. பெஞ்சில் விட்டிருப்பார். திரும்பப் பூங்காவுக்கே நடந்தார்.

வாசலில் காவலாளி கேட்டார், "அம்மாவைத் தேடி வந்தீங்களா சார்?"

"அவ பால் கடைக்குப் போயிருக்கா."

காவலாளி உள்ளே கையைக் காட்டினார்.

தூரத்து வளைவில் அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள். முன்னால் போன இரண்டு இளவட்டங்களைத் தாண்டினாள். குழாயடியைத் தாண்டினாள். பெஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தினமும் இப்படித்தான் சார். உங்களை அனுப்பிட்டு வந்து அஞ்சு சுத்து ஓடுவாங்க. எங்கேயும் நிக்க மாட்டாங்க."

அவள் கண்ணில் படுவதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். கண்ணாடியை எடுக்கவில்லை.

மறுநாள் இரண்டாவது வளைவு. அவள் செருப்பைப் பார்த்துக் குனியப் போனாள்.

"கொஞ்சம் உட்காரலாமா?" என்றார் அவர். "எனக்கு மூச்சு வாங்குது."

கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள்.

"எனக்குந்தாங்க" என்று, துளியும் மூச்சு வாங்காமல், அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.