சிவந்த மூலை

மக்காச்சோளக் காட்டுக்கு மேலே ட்ரோன் காலை பத்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் வரும். அது இல்லாத நேரம் பார்த்துத்தான் களை வெட்டும் பெண்கள் கருவேலம் புதர் மறைவில் ஒதுங்குவார்கள். செங்கமலத்துக்கு ஏழாம் மாதம். மணிக்கொரு தரம் போகாவிட்டால் அடிவயிறு கல்லாகிவிடும்.

அன்று சூப்பர்வைசர் இளவழகன் டேப்லெட்டை நீட்டினான். ட்ரோன் எடுத்த படத்தில் செழித்த பயிர் சிவப்பாகவும் நோஞ்சான் பயிர் வெளிறியும் தெரியும். காடு முழுக்க வெளிறிக் கிடக்க, புதரோர மூலை மட்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தது.

“கம்பெனி யூரியாவைத் திருடி அங்க கொட்டுனது யாரு? சொல்லலைன்னா நாளையிலேருந்து ட்ரோன் அந்த மூலையிலேயே நிக்கும்.”

“திருடுனா எங்க கொல்லையில கொட்டிக்க மாட்டமா?” என்றாள் பாப்பாத்தி. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

செங்கமலம் சிரிக்கவில்லை. ட்ரோன் அங்கேயே நின்றால் அவள் எங்கே போவாள்?

“யூரியா இல்ல தம்பி, மூத்திரம். முதல்ல ஒரு கக்கூஸ் கட்டித் தரச் சொல்லுங்க,” என்றாள்.

இளவழகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பெனிக்கு எழுதி அனுப்பினான்.

மறுநாள் காலை பதில் வந்தது. கக்கூஸ் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு வரைபடம் இருந்தது. அதில் வெளிறிய இடங்களை ஆளுக்கொன்றாகப் பெயர் போட்டுப் பிரித்திருந்தார்கள். செங்கமலத்துக்குக் காட்டின் நட்டநடுவே விழுந்திருந்தது. அங்கே பயிர் முழங்கால் உயரம்கூட இல்லை. சொன்ன இடத்தில்தான் போகிறாளா என்று பார்க்க, ட்ரோன் அதற்குள்ளாகவே அந்த இடத்துக்கு மேலே வந்து நின்றிருந்தது.